அமீரகத்தில் வாட் பதிவு: யாருக்குக் கட்டாயம், எப்படிச் செய்வது?

ஐக்கிய அரபு அமீரகத்தில் 2018 ஜனவரி 1 முதல் 5 சதவீத மதிப்புக் கூட்டு வரி, அதாவது வாட், நடைமுறையில் உள்ளது. அங்கே பகாலா, கஃபதீரியா, மொபைல் கடை நடத்தும் நம் சகோதரர்கள் சிலர், "லாபமே இல்லை, நமக்கு எதற்கு வாட்?" என்று கேட்கிறார்கள். சட்டம் பார்ப்பது லாபத்தை அல்ல, விற்பனையை.

கடந்த 12 மாதங்களில் வரிக்குட்பட்ட விற்பனையும் இறக்குமதியும் சேர்ந்து 375,000 திர்ஹத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். அடுத்த 30 நாட்களில் தாண்டும் என்று தெரிந்தாலும் அப்படியே. மாதம் 32,000 திர்ஹம் விற்கும் சிறு கடைகூட ஆண்டில் 384,000 தொட்டுவிடும். 187,500 திர்ஹத்தைத் தாண்டியவர்கள் விரும்பினால் பதியலாம்.

பலர் இடறும் இடம் வேறு. ஒருவர் பெயரிலேயே தனி உரிமை லைசென்ஸில் மூன்று கடைகள் இருந்தால், மூன்றின் விற்பனையையும் கூட்டித்தான் கணக்கிட வேண்டும், பதிவும் ஒன்றுதான். "ஒவ்வொரு கடையும் வரம்புக்குக் கீழேதானே" என்ற வாதம் எடுபடாது.

வரம்பைத் தாண்டிய பின் விண்ணப்பிக்க 30 நாட்கள் அவகாசம். தவறினால் 10,000 திர்ஹம் அபராதம். அதோடு முடியாது, பதிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து வாடிக்கையாளரிடம் வாங்காமல் விட்ட வரியையும் கைக்காசில் கட்ட நேரும். சிறு கடைக்காரரை முடக்குவது பெரும்பாலும் இதுதான்.

பதிவு முழுவதும் ஆன்லைனில்தான். மத்திய வரி ஆணையத்தின் எமாராடாக்ஸ் தளத்தில் கணக்குத் தொடங்கி, டிரேடு லைசென்ஸ், உரிமையாளரின் பாஸ்போர்ட், எமிரேட்ஸ் ஐடி, விற்பனைக் கணக்கு ஆகியவற்றை ஏற்ற வேண்டும். ஆணையம் இதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. டைப்பிங் சென்டரில் கொடுப்பது அவர்களுடைய கூலி மட்டுமே. விண்ணப்பம் ஏற்கப்பட்டால் 15 இலக்க வரிப்பதிவு எண் கிடைக்கும். அது ஒவ்வொரு வரி பில்லிலும் இருக்க வேண்டும். எண் இல்லாமல் வாட் வசூலிப்பது குற்றம்.

வசூலித்த வரி நம் பணமல்ல, அமானிதம். கொள்முதலில் நாம் கட்டிய வரியைக் கழித்து, வரிக்காலம் முடிந்த 28 நாட்களுக்குள் கணக்கும் மீதித் தொகையும் கொடுத்துவிட வேண்டும். கழிக்க வேண்டுமானால் கொள்முதல் பில் கையில் இருக்க வேண்டும். பில்களையும் கணக்குகளையும் குறைந்தது 5 ஆண்டுகள் பத்திரப்படுத்துங்கள்.

கடையை மூடிவிட்டு ஊர் திரும்புவோரும் விமான டிக்கெட் எடுக்கும் முன் ஒன்றைக் கவனிக்கவும்: தொழிலை நிறுத்திய 20 வேலை நாட்களுக்குள் வாட் பதிவை ரத்து செய்ய விண்ணப்பிக்க வேண்டும். லைசென்ஸை ரத்து செய்தால் வாட் பதிவு தானாக ரத்தாகாது.