தசை, நரம்பு, குழந்தை: பெருமூளை வாதத்துக்கான இயன்மருத்துவத்தின் வரலாறு

கருவிலோ பிறப்பை அண்டியோ மூளை ஊறுபட்டமையால் உடலின் சமநிலையும் அசைவும் குன்றிய நிலை பெருமூளை வாதம் எனப்படும். சில குழந்தைகளின் தசைகள் விறைத்து நிற்கும். சிலரின் அவயவங்கள் கட்டுக்கடங்காது அசையும். வேறு சிலர் நிலைதளர்ந்து தள்ளாடுவர். மூளையில் நேர்ந்த ஊறு காலத்தோடு வளர்வதில்லை. அதனை நீக்கவல்ல மருந்தும் இல்லை. ஆதலால் இக்குழந்தைகளுக்கு இயன்மருத்துவம் முதன்மையான துணையாயிற்று. அதன் வரலாற்றை நோக்குமிடத்து, குறை எங்குள்ளதென ஒவ்வொரு தலைமுறையும் கருதியதோ அங்கேயே அது கைவைத்தது என்பது புலனாகும்.

இத்துறைக்கு அடித்தளமிட்டவர் இலண்டன் வைத்தியரான வில்லியம் ஜோன் லிற்றில் ஆவார். இளமையிலேயே கால் கோணித் துன்புற்ற அவர், 1836 இல் ஜேர்மனியின் ஹனோவர் நகரில் ஸ்ட்ரோமேயர் செய்த தசைநாண் அறுவையால் நலம்பெற்றார். 1861 இல் இலண்டன் மகப்பேற்று மருத்துவச் சங்கத்தில் வாசித்த கட்டுரையில், கடினமான பிரசவமும் மூச்சுத் தடையும் குழந்தைகளின் விறைப்புக்குக் காரணமாவதை அவர் எடுத்துரைத்தார். நோய் நெடுங்காலம் அவர் பெயராலேயே வழங்கிற்று. 1897 இல் சிக்மண்ட் புரொய்ட், கடினமான பிரசவமே சில வேளைகளில் கருவில் முன்னரே நேர்ந்த குறையின் அறிகுறியாகலாம் என்றார். பிற்கால ஆய்வுகள் இவ்வையத்துக்கு வலுவூட்டின.

காரணம் பற்றிய சிந்தனை மூளையை நாடியபோதும் சிகிச்சை அவயவத்தையே பற்றிநின்றது. 1937 இல் அமெரிக்காவின் போல்ற்றிமோர் நகரையண்டி நிலையம் நிறுவிய வின்த்றொப் ஃபெல்ப்ஸ், தசைகளைத் தனித்தனியே பயிற்றுவித்தும் உலோகத் தாங்கிகளைப் பூட்டியும் குழந்தைகளை நடப்பிக்க முயன்றார். குணப்படுத்த இயலாதோர் என ஒதுக்கப்பட்டவர்களுக்கு முறையான பயிற்சி வழங்கியமை அவர் தொண்டாகும்.

நோக்கைத் தசையிலிருந்து நரம்பு மண்டலத்துக்குத் திருப்பியவர்கள், நாற்சி ஆட்சியினின்று தப்பி இலண்டன் சேர்ந்த பேர்ட்டா, காரெல் போபாத் தம்பதியினர். 1943 இல் பக்கவாதமுற்ற ஓவியர் ஒருவருக்குச் சிகிச்சையளிக்கையில், உடலை ஏற்றவாறு தாங்கினால் விறைப்புத் தளர்வதைப் பேர்ட்டா கண்டார். அதனைக் குழந்தைகளுக்கும் விரித்து, 1951 இல் தம்பதியினர் நிலையம் தொடங்கினர். அவர்கள் முறை உலகெங்கும் பரவிற்று. தொடக்கத்தில் குழந்தையை நிலையான தோரணைகளில் பிடித்துவைத்தவர்கள், அது நாளாந்த அசைவாக மலராமை கண்டு தம் முறையைத் தாமே திருத்தினர்.

இதே காலத்தில் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் அந்திராஸ் பெட்டோ வேறொரு வினாவை எழுப்பினார். அவருக்கு இது நோயன்று, கற்றற் சிக்கல். குழந்தைகள் குழுவாகக் கூடி, செய்யவிருக்கும் அசைவை வாய்விட்டுச் சொல்லியவாறே செய்யப் பழகினர். சிகிச்சையாளர் ஆசிரியராயினர்; குழந்தை மாணாக்கராயிற்று.

எல்லா முயற்சிகளும் இவ்வாறு பயனுற அமையவில்லை. 1960களில் பிலடெல்பியாவில் எழுந்த ஒரு முறை, பெரியோர் பலர் சூழ்ந்து குழந்தையின் கைகால்களை நாடோறும் பலமுறை அசைப்பிக்குமாறு விதித்தது. அதன் உரிமைகோரல்களுக்குப் போதிய சான்றில்லை என்றும், அது குடும்பங்களைப் பெருஞ்சுமைக்கு ஆளாக்குகின்றது என்றும் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1982 இல் எச்சரித்தது. பெற்றோரின் நம்பிக்கை எத்துணை எளிதிற் சுரண்டப்படத்தக்கது என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

நம்பிக்கையைச் சோதிக்க அளவுகோல் வேண்டும். 1997 இல் கனடிய ஆய்வாளர் குழந்தைகளின் இயக்கத்திறனை 5 நிலைகளாக வகுத்தனர். 2013 இல் அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த அயோனா நோவாக்கும் குழுவினரும் 64 தலையீடுகளை மதிப்பிட்டனர். பிறர் கையால் அசைவிக்கப்படுதலினும், உடுத்தல், உண்ணல், படியேறல் போன்ற தெரிந்தெடுத்த செயலைக் குழந்தை தானே முயன்று பழகுவது பயன்மிக்கது என்பதே சான்றுகள் சுட்டிய முடிபாகும். மிகப் பரவிய போபாத் முறை, அதன் மூலவடிவில், எதிர்பார்த்த பயனைக் காட்டவில்லை.

எனினும் முன்னோரின் உழைப்பு வீணன்று. அவர்கள் அக்குழந்தைகளை ஒதுக்கவில்லை. தவறியவிடத்துத் திருந்தவும் சிலர் தயங்கவில்லை. தசையையும் நரம்பையும் கடந்து குழந்தையின் சொந்த முயற்சியைக் கண்டுகொள்ள மருத்துவத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு தேவைப்பட்டது. விழாமல் நிற்க முயலும் குழந்தை, சிகிச்சையின் பொருளன்று, அதன் கருத்தா.