டெபியனில் எக்சிம் பொதி

மின்னஞ்சலை வாங்கி உரிய பெட்டியில் சேர்க்கும் சேவையக மென்பொருள்களுள் எக்சிம் ஒன்று. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிலிப் ஹேசல் 1995இல் இதை எழுதத் தொடங்கினார். டெபியன் லினக்ஸ் நெடுங்காலமாக இதையே இயல்பிருப்பு அஞ்சல் சேவையகமாகக் கொண்டுள்ளது.

அஞ்சல் சேவையகத்தைப் பொதியாகக் கட்டுவோருக்கு நிரலைவிட அமைப்புக் கோப்பே பெரிய தலைவலி. 1990களில் சென்ட்மெயில் என்னும் அஞ்சல் சேவையகம், யார் அனுப்பினாலும் யாருக்கும் அஞ்சலைக் கடத்திவிடும். குப்பை அஞ்சல் அனுப்புவோருக்கு அது வசதியாகிப்போனது. 1998இல் வந்த 8.9ஆம் பதிப்பில்தான் அந்தக் கதவு இயல்பாகவே மூடப்பட்டது. நிறுவியதும் ஓடத் தொடங்கும் மென்பொருளில் கவனக்குறைவான ஓர் இயல்பிருப்பு, ஆயிரக்கணக்கான கணினிகளின் கவனக்குறைவாகிவிடும்.

டெபியனோ எக்சிமின் அமைப்புக் கோப்பையே தனிப் பொதியாகப் பிரித்தது. நிறுவும்போது டெப்கான்ஃப் என்னும் கருவி சில கேள்விகள் கேட்கும்: இணையத்தோடு நேரடியாகப் பேசவேண்டுமா, வேறொரு சேவையகம் வழியாக அனுப்பவேண்டுமா, உள்ளூர் அஞ்சல் மட்டும் போதுமா? எதையும் மாற்றாவிட்டால் கடைசி விடையே நிலைக்கும். அப்போது எக்சிம் அந்தக் கணினிக்குள்ளிருந்து வரும் இணைப்புகளுக்கு மட்டுமே செவிகொடுக்கும். குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலைகளின் அறிக்கை ரூட் பயனருக்குப் போய்ச்சேர இதுவே போதும். வெளியாருக்குத் திறப்பது நிர்வாகி தெரிந்தே எடுக்கும் முடிவாகிறது.

விடைகள் ஒரு சிறு கோப்பில் பதிவாகும். அவற்றையும் பொதியோடு வரும் வார்ப்புருவையும் சேர்த்து, எக்சிம் படிக்கும் இறுதிக் கோப்பை ஒரு நிரல் உருவாக்கித் தரும். வார்ப்புருவை ஒரே கோப்பாகவும் வைக்கலாம், பல துண்டுகளாகவும் பிரிக்கலாம். துண்டுகளில் மேம்படுத்தல் எளிது; ஆனால் பிழை எங்கே என்று தேடும் இரவில் ஒற்றைக் கோப்பே மேல். பெரிய நிறுவனங்கள் அமைப்புப் பொதியை எடுத்துவிட்டுத் தாங்களே கட்டிய பொதியை அங்கே வைக்கவும் இடமுண்டு.

இந்த ஏற்பாட்டுக்குக் கடுஞ்சோதனை எக்சிம் 4.94 வடிவில் வந்தது. வெளியிலிருந்து வரும் தரவை, பெறுநர் பெயர் உட்பட, சரிபார்க்காமல் கோப்புப் பாதையாகப் பயன்படுத்த அது மறுத்தது. 2021இல் வெளியான டெபியன் 11இல் அந்த வரிசைப் பதிப்பு இடம்பெற்றபோது, பொதியின் வார்ப்புருக்கள் புதிய விதிக்கேற்பத் திருத்தப்பட்டிருந்தன. கையால் எழுதிய அமைப்பை வைத்திருந்தவர்கள்தான் அதை மாற்றி எழுத வேண்டியிருந்தது. அவர்களுக்கு அவகாசம் தர, அந்தத் தடையைத் தற்காலிகமாக எச்சரிக்கையாகத் தளர்த்தும் ஒரு விருப்பையும் டெபியன் சேர்த்தது.