பதிவேட்டைப் படிக்கத் தெரிந்தவர் யார்?

மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வெளிவந்த வாரத்தில், காரைக்காலைச் சேர்ந்த தந்தை ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு நம்மைக் காண வந்திருந்தார். மகன் நல்ல மதிப்பெண் பெற்றவன். பல்கலைக்கழகத்தில் வரலாறு பயில வேண்டும் என்பது அவன் விருப்பம். தந்தைக்கோ அதுவே பெருங்கவலை. 2010-இல் உருவான தேசியத் தொழில்நுட்பக் கழகம் நம் ஊரிலேயே இருக்க, இவன் புத்தி ஏன் இப்படிப் போகிறது என்று அவர் வருந்தினார். "வரலாறு படித்தால் சோறு கிடைக்குமா, ஐயா? நீங்களே இவனுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள்" என்றார்.

அக்கேள்வியை ஏளனமாக எண்ண நமக்கு மனம் வரவில்லை. மகனின் மூன்றாண்டுப் படிப்புக்குத் தம் வியர்வையை விலையாகத் தரப்போகிறவர் அவர்; கேட்க அவருக்கு உரிமை உண்டு. பிரெஞ்சு வரலாற்றறிஞர் மார்க் பிளாக், வரலாற்றின் பயன் என்ன என்று ஒரு சிறுவன் தன் தந்தையிடம் கேட்பதை வைத்தே தம் இறுதி நூலைத் தொடங்கினார். 1944-இல் ஜெர்மானியர் அவரைச் சுட்டுக் கொன்றனர். முற்றுப்பெறாத அந்நூல் 1949-இல் வெளிவந்தது. அங்கே கேட்டவன் மகன். இங்கே கேட்பவர் தந்தை. கேள்வி என்னவோ ஒன்றுதான்.

விடையைத் தேடி நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. காரைக்காலை அடுத்த காசாக்குடியை எத்தனை பேர் அறிவோம்? 1879-இல் அங்கே பதினொரு செப்பேடுகள் கிடைத்தன. அவற்றை வெளியுலகுக்குக் கொணர்ந்தவர் புதுச்சேரியைச் சேர்ந்த ழூல் தெ லா ஃபோன் என்னும் பிரெஞ்சுக்காரர். சென்னை அரசின் கல்வெட்டறிஞராக இருந்த ஹுல்ச் அவற்றைப் படித்து, தென்னிந்தியக் கல்வெட்டுகளின் இரண்டாம் தொகுதியில் பதிப்பித்தார். எட்டாம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் இரண்டாம் நந்திவர்மன் தன் இருபத்திரண்டாம் ஆட்சியாண்டில் ஓர் அந்தணர்க்கு ஊர் ஒன்றைக் கொடையளித்த செய்தியே அவ்வேடுகளின் பொருள். ஆயினும் கொடையைச் சொல்லுமுன் குலத்தைச் சொல்வது அக்கால மரபாதலால், பல்லவர் வழிமுறை முழுவதும் அங்கே வரிசையாக நிற்கிறது. நந்திவர்மன் மகேந்திரவர்மனின் நேர்வழியில் வந்தவன் அல்லன். சிம்மவிஷ்ணுவின் தம்பி பீமவர்மனின் கிளையில் வந்தவன் என்பதை நாம் அறிவது அவ்வேடுகளால்தான். புதுச்சேரியில் ஆசிரியராய் இருந்த ழூவோ துப்ரேய் 1917-இல் பல்லவர் பற்றி நூல் எழுதினார். மும்பையில் பணிபுரிந்த இயேசு சபைத் துறவி ஹென்றி ஹெராஸ் 1933-இல் எழுதினார். காசாக்குடிச் செப்பேடுகளை விட்டுவிட்டு இவ்வரலாற்றை யாரும் எழுதிவிட முடியாது.

இதை நாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. உள்ளூர ஒரு கூச்சத்தோடுதான் சொல்கிறோம். நம் மண்ணில் கிடைத்த ஏட்டைக் கொணர்ந்தவர் பிரெஞ்சுக்காரர், படித்தவர் ஜெர்மானியர், அதைக் கொண்டு நூல் செய்தவர்களுள் ஒருவர் ஸ்பானியர். காரைக்காலார் எங்கே இருந்தோம்?

செப்பேடு பழங்கதை என்பார்க்கு இன்னொன்று சொல்வோம். 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த இவ்வூர், இடையில் ஆங்கிலேயர் கைக்கு மாறி, 1817-இல் மீண்டும் அவர்களிடமே திரும்பியது. 1954 நவம்பர் 1-இல் இந்திய நிர்வாகத்தின் கீழ் வந்தது. ஆனால் உடன்படிக்கை சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16-ஆம் நாளில்தான். அந்த நாளில் ஒருவர் எங்கே குடியிருந்தார், எங்கே பிறந்தவர், அதன்பின் ஆறு திங்களுக்குள் எந்தக் குடியுரிமையைத் தேர்ந்தார் என்பனவற்றை வைத்தே அவர் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பிரெஞ்சுக் குடிமக்களா, இந்தியரா என்பது தீர்மானமாகிறது. ஒரே தெருவில், ஒரே பாட்டனாரின் வழிவந்த இரு குடும்பங்களுள் ஒன்று பாரிசிலும் மற்றொன்று இங்கேயும் வாழ்வது நமக்குப் புதுமையன்று. அந்தப் பிரிவினைக் கோட்டை வரைந்தது பழைய பதிவேட்டின் ஒற்றை வரியாக இருக்கலாம்.

அந்த வரியைப் படிப்பது எளிதா? 1881-ஆம் ஆண்டு ஆணைப்படி, தம் குலமரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றோர் புதுக் குடும்பப்பெயர் ஒன்றையும் ஏற்றனர். எனவே தந்தை ஒரு பெயரிலும் மகன் வேறொரு பெயரிலும் ஏட்டில் நிற்பர். ஊர்ப்பெயர்களின் நிலையோ இன்னும் வேடிக்கை. திருநள்ளாறு 'தீர்நுலார்' ஆயிற்று. திருமலைராயன்பட்டினம் 'கிராந்த் அல்தே' ஆயிற்று. போர்த்துக்கீசியர் கிராமத்திற்கு வழங்கிய சொல்லைப் பிரெஞ்சுக்காரர் தம் நாவுக்கேற்பத் திரித்து, பெரிய கிராமம் என்று பெயரிட்டுவிட்டனர். இதை அறியாதவர் நிலப்படத்தை எத்தனை முறை புரட்டினாலும் அவ்வூர் கிடைக்காது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களை இங்கே நினைக்கிறோம். 1853-இல் மார்த்தினிக்கிலும் 1854-இல் குவாதலூப்பிலும் முதற்கப்பல்கள் கரை சேர்ந்தன. அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளில் குவாதலூப்புக்கு மட்டும் ஏறத்தாழ 42,000 இந்தியர் சென்றனர். புதுச்சேரியோடு காரைக்காலும் அவர்கள் கடைசியாகக் கால்வைத்த கரைகளுள் ஒன்று. அவர்தம் பெயரும் தந்தை பெயரும் ஊரும் பிரெஞ்சு எழுத்தரின் செவியில் விழுந்தவாறே பதிவாயின. இன்று அவர்களின் வழித்தோன்றல்கள் தமிழ் அறியார். ஆயினும் தம் வேர் எந்த ஊரில் என்று தேடி வருகின்றனர். பிரெஞ்சு எழுத்துக்கூட்டலையும் நம் ஊர்ப்பெயர்களையும் சேர்த்து அறிந்த ஒருவரன்றி யார் அவர்களுக்கு வழிகாட்டுவார்?

அப்பதிவேடுகளில் ஒரு பகுதி புதுச்சேரியில் உள்ள இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் கிளை நிலையத்தில் இருக்கிறது. மற்றொரு பகுதி பிரான்சின் எக்ஸ் நகரில், 1966-இல் அமைந்த கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அங்குள்ள பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகள் பலவற்றை இப்போது கணினித்திரையில் வீட்டிலிருந்தே காணலாம். நம் பங்குகளின் திருமுழுக்கு ஏடுகளையும் மறந்துவிடலாகாது. 1563-இல் திரிதெந்து பொதுச்சங்கம் திருமுழுக்கையும் திருமணத்தையும் பதியுமாறு பங்குக் குருக்களைப் பணித்தது ஆன்ம நலன் கருதித்தான். எனினும் அவர்கள் எழுதி வைத்தது, கல்வெட்டில் ஒருநாளும் இடம்பெறாத ஏழை எளியோரின் வரலாறும் ஆயிற்று. கரையானும் கடற்காற்றும் அவ்வேடுகளுக்கு ஆண்டுக்கணக்குப் பார்ப்பதில்லை.

இவ்வளவும் கேட்ட தந்தை, "எல்லாம் சரிதான் ஐயா, சம்பளம்?" என்றார். நியாயமான கேள்வி, நேர்மையாகவே விடை சொன்னோம். வெறும் பட்டத்தால் மட்டும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. ஆண்டுகளையும் போர்களையும் உருப்போட்டு, தேர்வுக்கு முந்திய வாரம் வினா-விடை நூல் வாங்கிப் பெறுகிற வரலாற்றுப் பட்டம் சுவரில் மாட்டுவதற்கே உதவும். நம் கல்லூரிகளில் அவ்வகைப் படிப்பே மிகுதி என்பதை மறைப்பதில் பயனில்லை. பள்ளியாசிரியர் பணிக்குக் கல்வியியல் பட்டம் வேண்டும். கல்லூரிக்குத் தகுதித் தேர்வோ ஆய்வுப் பட்டமோ வேண்டும். இருக்கும் இடங்களோ சில, நிற்போர் பலர். குடிமைப்பணி முதன்மைத் தேர்வில் வரலாற்றை விருப்பப்பாடமாக எடுக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அதை நம்பியே வரலாறு படி என்று ஒரு பிள்ளையிடம் சொல்ல நம் மனச்சான்று இடந்தரவில்லை.

நாம் அவர்களுக்குக் காட்டிய வழி வேறு. தச்சனுக்கு உளி போல வரலாற்று மாணவனுக்கு மொழியும் எழுத்தும். வடக்கே சில கல் தொலைவில் தரங்கம்பாடி, 1620 முதல் 1845 வரை டேனியர் வசம் இருந்தது. தெற்கே நாகப்பட்டினத்தை 1658-இல் டச்சுக்காரர் பிடித்து 1781 வரை ஆண்டனர். மேற்கே தஞ்சை மராட்டியர் மோடி எழுத்தில் கணக்கெழுதினர். ஒருநாள் பேருந்துப் பயணத்துக்குள் அடங்கும் இக்கரையின் கதை பிரெஞ்சிலும் டேனிய மொழியிலும் டச்சிலும் மராத்தியிலும் சிதறிக் கிடக்கிறது. இவற்றுள் ஒன்றையேனும் கையெழுத்துப் படியிலிருந்து படிக்கவல்ல தமிழ் இளைஞர் மிகச் சிலரே. கூட்டம் குறைந்த வாசலில் காத்திருப்பும் குறைவு. தில்லியில் தேசிய ஆவணக் காப்பகம் ஆவணக்காப்புப் பட்டயம் தருகிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியல் துறை இருக்கிறது. இந்தியத் தொல்லியல் துறையும் தன் கழகத்தில் முதுகலைப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. அருங்காட்சியகம், மரபுக் கட்டடப் பாதுகாப்பு, குடியுரிமை வழக்குகளை நடத்தும் வழக்குரைஞர் தொழில், மொழிபெயர்ப்பு என்று அதன்பின் வழிகள் கிளைக்கும். அவை செல்வம் கொழிக்கும் வழிகள் அல்ல என்பதையும் சேர்த்தே சொன்னோம்.

தந்தை நெடுநேரம் பேசவில்லை. எழுந்து சென்றவர் பத்து நாட்களுக்குப் பின் தனியே திரும்பி வந்தார். மடியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்தார். அவருடைய பாட்டியாரின் பெட்டிக்கடியில் இருந்ததாம். நான்காய் மடிந்த தாள், மடிப்புகளில் கிழிசல், பிரெஞ்சில் சாய்ந்த கையெழுத்து, கீழே மங்கிய முத்திரை. அச்சிட்ட பிரெஞ்சை நாம் ஓரளவு படிப்போம். அந்தக் கையெழுத்து நமக்குப் பிடிபடவில்லை. 'காரிக்கால்' என்ற சொல்லும் ஓர் ஆண்டும் மட்டுமே தெளிந்தன.

"இவன் படித்தால் இதைப் படிப்பானா?" என்று கேட்டார்.

மூன்றாண்டுகள் ஆகும் என்றோம். தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, பல்கலைக்கழகத்திற்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது என்று வினவினார்.