லயத்துக்கு நேராக வந்த செய்தி

தெஹியோவிட்டப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் கடிதங்கள் நெடுங்காலம் லயத்துக்கு நேராக வந்ததில்லை. தோட்ட ஆபீசுக்கு வந்து, பல கை மாறித்தான் எங்களை எட்டும். பல்கலைக்கழகப் பதிவுக் கடிதம் தாமதித்தால் பால்வெட்டும் தாயின் கனவே தள்ளிப்போகும். அதனால்தான் குறுஞ்செய்தியின் வரலாறு எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் நீல் பாப்வொர்த் என்ற இளம் பொறியாளர் கணினியிலிருந்து கைபேசிக்கு நத்தார் வாழ்த்து அனுப்பினார். அதுவே உலகின் முதல் குறுஞ்செய்தி. பின்னர் இலங்கையில் சுட்டெண்ணை அனுப்பிப் பரீட்சைப் பெறுபேற்றைக் கைபேசியிலேயே பெறும் வசதி வந்தது. பெறுபேறு பார்க்கப் பாடசாலை வரை போகத் தேவையில்லாமல் போயிற்று.

பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் நான் படித்தபோது விரிவுரை மாற்றம், பரீட்சை நேரம், மஹாபொல பணம் வந்த தகவல் எல்லாம் பெட்ச் நண்பர்களின் குறுஞ்செய்தியில்தான் வரும். ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 இடம். தமிழ் எழுத்தில் 70 மட்டுமே, அதிலும் 'கி' இரண்டு இடம் பிடிக்கும். ஆகவே ஆங்கில எழுத்திலேயே தமிழை எழுதினோம்.

2020இல் கொரோனாவால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டு வகுப்புகள் சூமுக்குப் போயின. மலைச்சரிவு லயங்களில் காணொளி நின்று நின்று வரும். குறுஞ்செய்தியோ ஒற்றைக் கோடு சிக்னலிலும் வந்து சேரும். பதிவு, விடுதி, பரீட்சை அறிவித்தல்களைப் பல்கலைக்கழகங்கள் தமிழிலும் குறுஞ்செய்தியாக அனுப்ப வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது சலுகை அல்ல, உரிமை.