ஐந்து நிமிட மேடை: தண்டோராவிலிருந்து தன் சொல்லுக்கு



அயோத்திதாசப் பண்டிதரை நினைத்துக் கச்சிராயபாளையத்தில் கூடியிருக்கிறோம். இந்த நினைவுப் பொழிவுக்கு நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள் சிறியதாகத் தோன்றலாம். ஒரு மாலை, ஒரு மேடை, பன்னிரண்டு பேர், ஆளுக்கு ஐந்து நிமிடம். இப்படி நடக்கிற கூட்டத்துக்கு நம்மிடம் என்ன வரலாறு இருக்கிறது என்பதே பொருள். நிலம், கூலி, வன்கொடுமை என்று எவ்வளவோ இருக்க, யார் எத்தனை நிமிடம் பேசினார்கள் என்பதெல்லாம் வரலாறா என்று சிலர் கேட்கக்கூடும். வரலாறுதான் என்பது எங்கள் வாதம். நிலத்தைப் போலவே மேடை நேரமும் இந்த மண்ணில் சாதி பார்த்துப் பங்கிடப்பட்ட சொத்து.

இன்று உலகம் முழுவதும் விரைவுப் பேச்சு மாலைகள் நடக்கின்றன. 2003இல் தோக்கியோவில் ஆஸ்ட்ரிட் க்ளைன், மார்க் டைத்தம் என்ற இரண்டு கட்டடக் கலைஞர்கள் 'பெச்சகுச்சா' என்ற கூட்டத்தைத் தொடங்கினார்கள். ஜப்பானிய மொழியில் அச்சொல்லுக்கு அரட்டை என்று பொருள். இருபது படங்கள், படத்துக்கு இருபது விநாடி; 6 நிமிடம் 40 விநாடியில் பேச்சு முடிந்துவிட வேண்டும். 2006இல் அமெரிக்காவின் சியாட்டிலில் தொடங்கிய 'இக்னைட்' கூட்டங்களில் படத்துக்குப் பதினைந்து விநாடி. மொத்தம் 5 நிமிடம். மைக் கையில் கிடைத்தால் விடமாட்டார்கள் என்பதால்தான் இந்தக் கட்டுப்பாடு என்று தொடங்கியவர்களே சொன்னார்கள். அதாவது, அது நிறையப் பேசிப் பழகியவர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட கடிவாளம். நம் கதை வேறு. மைக்கே கைக்கு வராதவர்களின் கதை அது.

நம் ஊர்களில் குறுகிய பொதுப்பேச்சை நெடுங்காலம் செய்துவந்தவர் யார்? பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தெருமுனைக்குத் தெருமுனை நின்று, நாலு அடி அடித்துவிட்டு, நாலு வரி சொல்லிவிட்டு அடுத்த முனைக்கு நகர்ந்த தண்டோராக்காரர். வரி கட்ட வேண்டிய நாளை அவர்தான் சொன்னார். ஏரி ஏலத்தையும் ஊர்க்கூட்டத்தையும் சாவையும் அவர்தான் அறிவித்தார். ஊரில் எல்லோரும் காது கொடுத்துக் கேட்ட குரல் சேரியிலிருந்து வந்த குரல்தான். ஆனால் அதில் ஒரு சொல்கூட அவருடையது அல்ல. செய்தி ஊருடையது; தொண்டை மட்டும் நம்முடையது. இந்த முறையை நிறுத்திவிட்டு ஒலிபெருக்கி வைத்துக்கொள்ளும்படி தமிழ்நாடு அரசு சொன்னது 2022 ஆகஸ்டில்தான். ஆகவே நமக்கு முதல் கேள்வி எத்தனை நிமிடம் என்பது அல்ல. சொல் யாருடையது என்பதுதான்.

இந்தக் கேள்வியோடு 1892க்குப் போவோம். சென்னை விக்டோரியா டவுன் ஹாலில் மகாஜன சபைக் கூட்டம். கனவான்களும் வழக்கறிஞர்களும் நிறைந்த அவையில் நீலகிரியின் பிரதிநிதியாகப் போய் அமர்ந்திருந்தார் அயோத்திதாசர். அவர் எழுந்து கேட்ட கேள்வி மிகச் சிறியது. எங்கள் மக்களை விஷ்ணு கோயிலுக்குள்ளும் சிவன் கோயிலுக்குள்ளும் ஏன் விடுவதில்லை? அவை கொதித்தது. தஞ்சாவூர்ப் பிரதிநிதியான சிவநாம சாஸ்திரி, உங்கள் குலத்துக்கு மதுரைவீரனும் காட்டேரியும் இருக்க இந்தத் தெய்வங்கள் எதற்கு என்ற பொருளில் பதில் சொன்னார். அப்படியானால் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டாம் என்றார் பண்டிதர். பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வி, சும்மா கிடக்கும் நிலத்தில் எங்கள் மக்களுக்குப் பங்கு. இவற்றைக் கொடுங்கள் என்றார். பின்னாளில் பண்டிதரே இந்த நிகழ்ச்சியை எழுதிவைத்தார். அதனால்தான் அது நம் கையில் இருக்கிறது.

அந்தப் பேச்சு சில நிமிடங்களுக்கு மேல் நீண்டிருக்க முடியாது. அந்த அவை அதற்கு மேல் விட்டிருக்காது. ஆனால் அந்தச் சில நிமிடங்களில் ஒரு மறுப்பும் இரண்டு கோரிக்கைகளும் இருந்தன. கோயில் கேட்டவருக்கு மறுப்பு வந்ததும் பள்ளிக்கும் நிலத்துக்கும் திரும்பிய அந்த வேகம்தான் நம்முடைய விரைவுப் பேச்சின் முதல் பாடம்.

அடுத்த ஆண்டு, 1893இல், இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அதே ஆண்டு டிசம்பரில் சென்னையில் நம் மக்கள் கூடினார்கள். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்ற காங்கிரசின் கோரிக்கையை எதிர்த்து அங்கிருந்து நாடாளுமன்றத்துக்கு ஒரு விண்ணப்பம் போனது. அதன் நீளம் 112 அடி. கையொப்பங்கள் 3,412 என்று சீனிவாசன் தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதுகிறார். நீளத்தைக் கையொப்பங்களால் வகுத்துப் பாருங்கள். ஒருவருக்கு அரை அங்குலம்கூட வராது. மேடையில் வாய் திறக்க இடமில்லாதவர்கள் அந்த அரை அங்குலத்தில் பேசினார்கள். அந்தக் கோரிக்கையை நாம் இன்று எப்படி மதிப்பிட்டாலும், ஒரே தலைவர் எல்லோருக்காகவும் நெடுநேரம் பேசுவதற்குப் பதிலாக ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசிய வடிவம் அது.

அந்த வடிவம் நிலையான அமைப்பாக மாறியது சாக்கிய பௌத்த சங்கத்தில். 1898இல் இலங்கை சென்று பஞ்சசீலம் பெற்றுத் திரும்பிய பண்டிதர் சென்னை இராயப்பேட்டையில் சங்கத்தை நிறுவினார். பேராசிரியர் பி. லட்சுமி நரசு அதன் மேடைகளில் பேசினார். கோலார் தங்கவயலின் மாரிக்குப்பத்திலும் பெங்களூரிலும், கடல் தாண்டி இரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் கிளைகள் எழுந்தன. தங்கவயலில் கூட்டத்துக்கு வந்தவர்கள் சுரங்கத்துக்குள் இறங்கி உழைத்த தொழிலாளர்கள். வேலை முறை முடிந்து மேலே வந்து, குளித்துவிட்டு, உட்கார்ந்து கேட்டார்கள். எழுந்து பேசவும் செய்தார்கள். தண்டோராவில் மற்றவர் செய்தியைச் சுமந்த குரல் அங்கே தன் வரலாற்றைத் தானே சொல்லத் தொடங்கியது.

1907 ஜூன் 19 அன்று 'ஒரு பைசாத் தமிழன்' வந்தது. அடுத்த ஆண்டு அது 'தமிழன்' ஆனது. வாரந்தோறும் புதன்கிழமை வெளிவந்த அந்த இதழ் கூட்டங்களின் செய்தியைச் சுமந்தது. வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்னது. இங்கே ஓர் ஏற்பாட்டை நாம் கவனிக்க வேண்டும். வாயால் பேசியது கூட்டத்தோடு கரைந்துபோகவில்லை. பேச்சில் எழுந்த கேள்வி அச்சில் விரிந்தது. அச்சில் வந்தது அடுத்த கூட்டத்தில் மீண்டும் பேச்சானது. மாலையில் சுருக்கம், இதழில் விரிவு. பண்டிதர் 1914 மே 5 அன்று மறைந்த பிறகும் தங்கவயலில் இந்த மரபு உயிரோடு இருந்தது. ஜி. அப்பாதுரையார் அங்கிருந்து 'தமிழன்' இதழை மீண்டும் நடத்தினார்.

சட்டமன்றத்துக்குள் நுழைந்தபோதும் நம்மவர்களுக்குக் கிடைத்தது குறுகிய நேரம்தான். அந்த நேரத்தை அவர்கள் எப்படிச் செலவிட்டார்கள்? சென்னை சட்டமன்றத்தில் எம்.சி. ராஜா கொண்டுவந்த தீர்மானத்தால், பஞ்சமர், பறையர் என்ற சொற்களுக்குப் பதிலாக ஆதிதிராவிடர் என்ற பெயர் 1922இல் அரசு ஆவணங்களில் ஏறியது. 1924இல் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் பொதுச்சாலையும் பொதுக்கிணறும் பொதுக் கட்டடமும் எல்லோருக்கும் திறந்தவை என்றது. ஒன்று பெயரைப் பற்றியது. மற்றது கால் வைக்கும் இடத்தையும் குடிக்கும் நீரையும் பற்றியது. நாற்காலியில் அமர்ந்து மணிக்கணக்கில் பேச வாய்ப்பில்லாதவர்கள், அரசாணையாக மாறக்கூடிய வாக்கியங்களைப் பேசினார்கள்.

நாம் இன்று நிற்கிற பழைய தென்னாற்காட்டிலும் இந்த மரபு உண்டு. சிதம்பரத்தில் 1916இல் நந்தனார் பள்ளியைத் தொடங்கிய சுவாமி சகஜானந்தா மேடையிலும் சட்டமன்றத்திலும் பேசினார். காட்டுமன்னார்கோயில் எல். இளையபெருமாள் தலைமையில் 1965இல் அமைந்த தீண்டாமை பற்றிய குழு, நாடெங்கும் போய்ச் சாட்சியங்களைக் கேட்டு 1969இல் அறிக்கை கொடுத்தது. குழுவின் முன் வந்து நின்றவர்கள் சொன்னது கொஞ்சமே. டீக்கடையில் எந்தக் குவளை, கிணற்றில் எந்தப் படி, முடிவெட்ட எந்த ஊர். அந்தச் சிறு சிறு பேச்சுகள் சேர்ந்துதான் நாட்டின் மனசாட்சி முன் வைக்கப்பட்ட அறிக்கை ஆனது.

ஆனால் குறுகிய பேச்சைக் கண்மூடிப் புகழ நாங்கள் வரவில்லை. நம் பேச்சைக் குறுக்கியே நம்மை அடக்கிய வரலாறும் இருக்கிறது. 1936இல் லாகூரில் ஜாத்பாத் தோடக் மண்டல் அண்ணல் அம்பேத்கரைத் தலைமையுரைக்கு அழைத்தது. உரையை முன்கூட்டியே பார்த்ததும் சில பகுதிகளை நீக்கச் சொன்னது. அண்ணல் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மறுத்தார். மாநாடே கைவிடப்பட்டது. பேசப்படாத அந்த உரையை அவர் தம் சொந்தச் செலவில் 1,500 படிகள் அச்சிட்டார். அதுவே 'சாதி ஒழிப்பு'. அதை ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியுமா? முடியாது, சொல்லவும் கூடாது. வெட்டிப் பேசு என்று அடுத்தவர் சொல்வது வேறு, எல்லோரும் பேச வேண்டும் என்பதற்காக நாமே பங்கிட்டுக்கொள்வது வேறு. முதலாவது அடக்குமுறை, இரண்டாவது சனநாயகம்.

இந்த வேறுபாட்டை நம் கூட்ட நோட்டீசில் வைத்துப் பாருங்கள். தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை, நன்றியுரை. சேரிப் பெண்ணின் பெயர் எங்கே இருக்கிறது? இருந்தால் பெரும்பாலும் நன்றியுரையில். சிறப்புரையாளர் தாமதமாக வருவார். இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டும். 9.50க்கு, நேரமின்மை காரணமாக, என்று தொடங்கும் வாக்கியம் மேடையில் கேட்கும். அந்தப் பெண் மைக்கைப் பிடிக்கும்போது பின்வரிசையில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருப்பார்கள். இது மற்றவர் மேடைகளில் மட்டும் நடப்பதல்ல. நம் மேடைகளிலும் நடந்திருக்கிறது. நாமும் அழைப்பிதழை அப்படித்தான் அச்சடித்திருக்கிறோம்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரைக் குடித்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடங்காய்ச்சிகள், தலித்துகள். அந்த நாட்களில் தெருவெங்கும் மைக்குகள் நீண்டன. தாலியறுந்த பெண்களின் குரல் அரை நிமிடத் துண்டுகளாகத் தொலைக்காட்சியில் ஓடியது. அவர்களின் அழுகையை நாடு பார்த்தது. அவர்களின் யோசனையை யார் கேட்டார்கள்? ஏன் குடித்தார்கள், கூலி எப்படி வருகிறது, எதை மாற்ற வேண்டும் என்று அவர்கள் தொடர்ந்து ஐந்து நிமிடம் பேசியிருந்தால், அந்த அரை நிமிடத் துண்டுகளைவிட அது எவ்வளவோ நீளம்.

ஆகவே கச்சிராயபாளையத்தில் ஒரு மாலையை நாம் தொடங்கலாம் என்று முன்மொழிகிறோம். இது கல்வராயன் மலையின் அடிவாரம். கரும்பாலை இருக்கிற ஊர். கோமுகி அணை இருக்கிற ஊர். மலையில் ஜாகிர்தார்களின் பிடி 1976இல்தான் முடிந்தது. மலையாளிப் பழங்குடி மக்களிடமும், கரும்பு வெட்டுகிறவர்களிடமும், கல்லூரிக்கு முதல் தலைமுறையாகப் போகிற பிள்ளைகளிடமும் சொல்ல நிறைய இருக்கிறது. அவர்களைக் கேட்பவர்களாக மட்டும் உட்கார வைத்தது போதும்.

இதற்கான விதிகளை நம் வரலாற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். பன்னிரண்டு பேர், ஆளுக்கு ஐந்து நிமிடம். மொத்தம் ஒரு மணி நேரம். அதில் பாதிப் பேர் பெண்கள். சிறப்புரை கிடையாது. யார் முதலில் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் பார்ப்போம். மலைக்குத் திரும்ப வேண்டியவர்களுக்குக் கடைசிப் பேருந்து போவதற்குள் கூட்டம் முடிய வேண்டும். பேசுகிறவர் தன் சொல்லை மட்டும் பேச வேண்டும்; இன்னொருவர் எழுதிக்கொடுத்ததைப் படிக்கக் கூடாது. தண்டோரா முடிந்துவிட்டது.

மணி அடிப்பது பற்றியும் ஒரு விதி வேண்டும். சரளமாகப் பேசுகிறவனுக்கு ஐந்து நிமிடம் தாராளம். திக்குகிறவருக்கும், முதல்முறை மைக் பிடிக்கிறவருக்கும், இழவைச் சொல்ல வந்தவருக்கும் அது போதாது. அப்படிப்பட்டவருக்கு மணி அடிக்க வேண்டாம். பேசிப் பழகிய நம்மில் ஒருவர் தன் ஐந்து நிமிடத்தை அவருக்கு விட்டுக்கொடுக்கட்டும். கடைசியாக, பேசியதெல்லாம் எழுதப்பட வேண்டும். பண்டிதர் காட்டிய வழியில், மாலையில் சுருக்கமாகச் சொன்னதை அச்சில் விரிப்போம். நான்கு பக்கம் போதும். மாணவர்கள் எழுதட்டும், பேசியவர்களிடமே படித்துக் காட்டி, சரி என்ற பிறகு அச்சுக்குக் கொடுக்கட்டும்.

இந்தப் பொழிவுக்கு நாங்கள் எடுத்துக்கொண்ட நேரம் ஐந்து நிமிடத்தைத் தாண்டிவிட்டது. அதற்கு ஈடாக முதல் மாலையின் பட்டியலில் எங்கள் பெயர்கள் இருக்காது. நாங்கள் தரையில் உட்கார்ந்து எழுதிக்கொள்கிறோம். பன்னிரண்டு இடங்களும் காலியாக இருக்கின்றன. இன்று கலைந்து போவதற்குள் யார் யார் பேசுகிறீர்கள் என்று பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.

ஜெய்பீம்.