காபி ஹோட்டல் (சென்னை)

காபி, இட்லி, தோசை, வடை, பொங்கல் முதலியவற்றை விடியற்காலை முதல் இரவு வரை விற்கும் சைவச் சிற்றுண்டிச் சாலை. தொடக்கத்தில் 'காபி கிளப்' என்பதே பெருவழக்கு. பின்னர் கஃபே, பவன், விலாஸ், மெஸ் எனப் பெயர்கள் பெருகின. இங்கிலாந்தின் சிற்றூர்களில் 'பப்' என்னும் மதுச்சாலை செய்த வேலையை மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, தியாகராய நகர் பகுதிகளில் செய்தது காபி ஹோட்டல்தான். தண்ணித்துறை மார்க்கெட்டில் காய்கறி வாங்கியவர்களும், மாட வீதியில் கொலு பொம்மை பார்க்க வந்தவர்களும், பாண்டி பஜாரில் துணி எடுத்தவர்களும் பையை மேசையடியில் வைத்துவிட்டு உட்கார்ந்து பேசிய இடம் இது. ஆனால் காபி ஹோட்டல் பிறந்தபோதே எல்லாருக்கும் பொதுவான இடமாக இருந்துவிடவில்லை. கிளர்ச்சியும் சட்டமும் சேர்ந்துதான் அதை அப்படி ஆக்கின. அதன் வரலாற்றில் முதன்மையான செய்தி இதுவே.

காபிச் செடியைப் பாபா புதன் என்ற சூஃபித் துறவி 17ஆம் நூற்றாண்டில் ஏமனிலிருந்து சிக்மகளூர் மலைக்குக் கொண்டுவந்தார் என்பது மரபுக் கதை. 19ஆம் நூற்றாண்டில் குடகு, வயநாடு, நீலகிரி, சேர்வராயன் மலைகளில் தோட்டங்கள் பெருகின. அந்த நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்ததன் தொடக்கத்திலும் பழைய சோறும் நீராகாரமும் இருந்த இடத்துக்கு, நடுத்தர வர்க்கத்து வீடுகளில் காபி வந்துசேர்ந்தது. அதை உடலைக் கெடுக்கும் பழக்கம் என்றும் கள்ளுக்கு இணையான போதை என்றும் பத்திரிகைகளில் கண்டித்தவர்கள் உண்டு. இக்காலத்தைப் பற்றி நாம் அறிவதில் பெரும்பகுதி, ஆ. இரா. வேங்கடாசலபதி 2000இல் வெளியிட்ட 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற நூலின் வழியே வருவது.

தயாரிக்கும் முறை அதிகம் மாறவில்லை. பித்தளை ஃபில்டரின் மேல் அடுக்கில் தூளைப் போட்டு, லேசாக அழுத்தி, கொதிக்கும் நீரை ஊற்றி மூடிவைக்க வேண்டும். டிகாக்ஷன் சொட்டுச் சொட்டாக இறங்கும். அவசரப்பட்டுத் தட்டினால் நீர்த்துப் போகும். முதல் டிகாக்ஷனில் காய்ச்சிய பாலையும் சர்க்கரையையும் சேர்த்து, டபராவிலிருந்து டம்ளருக்கும் டம்ளரிலிருந்து டபராவுக்குமாக உயர்த்தி ஆற்றினால் நுரை எழும்பும். நல்ல காபி மாஸ்டரின் கையில் ஒரு துளியும் வெளியே சிந்தாது. காபிக்கொட்டை வகைகளான பீபரியையும் பிளாண்டேஷன் ஏ-யையும் எந்த அளவில் கலக்க வேண்டும், சிக்கரி வேண்டுமா என்பவை இன்றும் தீராத வழக்குகள். சிக்கரி கலந்த தூளில் குறைந்தது 51 சதவீதம் காபி இருக்க வேண்டும் என்பது நடப்பு விதி.

ஹோட்டல்களை நடத்தியவர்களில் தஞ்சை, பாலக்காட்டுப் பிராமணர்களும் உடுப்பிப் பகுதியிலிருந்து வந்தவர்களும் மிகுதி. 'பிராமணாள்' என்ற சொல் பெயர்ப்பலகையில் இடம்பெறுவது இயல்பாக இருந்தது. உள்ளே பிராமணர்களுக்குத் தனி இடம் ஒதுக்கிய கடைகளும் உண்டு. தலித் மக்களுக்குப் பல இடங்களில் நுழைவே இல்லை. இரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளிலும் நிலவிய இந்தப் பிரிவினை, பெரியாரும் நீதிக் கட்சியினரும் தொடர்ந்து எதிர்த்தபின் 1941இல் கைவிடப்பட்டது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15(2)ஆம் பிரிவு கடைகள், உணவகங்கள், விடுதிகள் ஆகியவற்றில் சாதியின் பேரால் தடைவிதிப்பதை விலக்கியது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் அதைத் தண்டனைக்குரியதாக்கியது. அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்தும் பலகைகள் இறங்கிவிடவில்லை. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கஃபே முன் திராவிடர் கழகம் தொடங்கிய மறியல் பல மாதங்கள் நீடித்தது, நூற்றுக்கணக்கானோர் கைதாயினர், முடிவில் பலகையிலிருந்து 'பிராமணாள்' நீங்கியது.

கிளர்ச்சியும் சட்டமும்தான் காபி ஹோட்டலைப் பொது இடமாக்கின என்பதற்கு இரு மறுப்புகள் கூறப்படுவதுண்டு. 'பிராமணாள்' என்ற சொல் சமைப்பவர் யார் என்று அறிவித்ததே தவிர உண்பவரைத் தடுக்கவில்லை என்பது ஒன்று. 1950களின் நிலைக்கு இது ஓரளவு பொருந்தலாம். எனினும் சமைத்தவரின் சாதியையே உணவின் தூய்மைக்குச் சான்றாக நிறுத்தினால், மற்றவர் சமைப்பது தூய்மை குறைந்தது என்பதும் அதிலேயே அடங்கிவிடுகிறது. காசு கொடுத்தவர் எவரும் உட்காரலாம் என்ற வணிக வழக்கமே நாளடைவில் வேற்றுமையைக் கரைத்திருக்கும் என்பது மற்றொன்று. முன்பின் அறியாதவர்களை நகரம் ஒரே மேசையில் உட்காரவைத்தது உண்மைதான். ஆனால் பல பத்தாண்டு வணிகத்துக்குப் பிறகும் 1941இல் ஓர் ஆணையும், 1955இல் ஒரு சட்டமும், 1957இல் ஒரு மறியலும் தேவைப்பட்டிருக்கின்றன. வணிகம் கதவைப் பாதிதான் திறந்தது.

கே. கிருஷ்ண ராவ் 1938இல் இராயப்பேட்டையில் தொடங்கிய உட்லண்ட்ஸ், சிறிய கிளப்புகளிலிருந்து பெரிய விடுதிகளுக்கு நகர்ந்த மாற்றத்தின் அடையாளம். திருவல்லிக்கேணி ரத்னா கஃபே 1948இல் வந்தது. அதே ஆண்டு மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் விரிவானது. 1971இல் தளர்த்தப்படும்வரை நகரத்தில் மாலை நேரத்துக் கூடுமிடம் என்ற நிலை காபி ஹோட்டலுக்கு உறுதிப்பட அதுவும் ஒரு காரணமாகலாம். கதீட்ரல் சாலையில் 1962இல் திறந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இவ்வகையின் உச்சம். மர நிழலில் நின்ற கார்களின் சன்னலில் தட்டை மாட்டி சர்வர்கள் பரிமாறினர். எதிரேயுள்ள ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியின் மாணவியரும், விற்பனைப் பிரதிநிதிகளும், திரைப்பட வாய்ப்புத் தேடியவர்களும் ஒரு காபியோடு நெடுநேரம் இருக்க முடிந்தது. 2008இல் மூடப்பட்ட அவ்விடத்தில் 2010இல் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது.

மயிலாப்பூரில் ராயர் மெஸ்ஸும் கற்பகாம்பாள் மெஸ்ஸும் தொடர்கின்றன. மார்கழி இசை விழாவில் சபா கேன்டீன்கள் அந்தப் பழைய கூட்டத்தை மீண்டும் கூட்டுகின்றன. அண்மைக் காலத்தில் நின்றபடி குடிக்கும் கடைகளும் குளிரூட்டப்பட்ட காபிக் கடைகளும் பெருகியுள்ளன.

மரபான ஏல் பீரைக் காக்க இங்கிலாந்து நுகர்வோரே 1971இல் ஓர் இயக்கம் தொடங்கினர். பானத்தோடு அதை விற்கும் பப்பையும் காப்பது அதன் நோக்கமாயிற்று. சென்னை காபி ஹோட்டலுக்கும் அத்தகைய அக்கறை தகும். ஆனால் டிகாக்ஷனின் மணத்தை மட்டும் போற்றி, யார் எங்கே உட்கார முடிந்தது என்பதை விட்டுவிடும் நினைவு அரைகுறையானது. சுவையை மாஸ்டர்கள் தந்தார்கள். பொதுமேசையைத் தந்தவர்கள், வாசலில் மறியல் செய்து சிறை சென்றவர்கள். காபி ஹோட்டலின் வரலாற்றில் இரு சாராருக்கும் இடம் உண்டு.