தலைக்கு இரண்டு டாலர்: நியூயார்க் நகரமும் அதன் தர்ம ஸ்தாபனங்களும்

கண்காணிப்பு என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்குச் சிறைக் கோபுரம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. ஃபூக்கோவைப் படித்ததன் பலன் அது. பலன் என்று சொல்வதா, பக்கவிளைவு என்று சொல்வதா தெரியவில்லை. பார்ப்பவன் அதிகாரம் உள்ளவன், பார்க்கப்படுபவன் அதிகாரத்துக்கு ஆட்பட்டவன் என்று கோடு போட்டுவிட்டு எழுதத் தொடங்கிவிடுகிறோம். நானும் அப்படி எழுதியவன்தான். ஆனால் எம்.ஏ. முடித்து வேலை கிடைக்காமல் இருந்த இரண்டு வருடம் ஒரு தொண்டு நிறுவனத்தில் அறிக்கை எழுதும் வேலை பார்த்தேன். வீடற்றவர்களுக்கான இரவுத் தங்குமிடம் அது. நகர நிர்வாகம் பணம் தரும், நிறுவனம் நடத்தும். ஆய்வுக்கு ஆள் வருவதற்கு முந்தைய நாள் பீரோவிலிருந்து புதுப் பாய்கள் வெளியே வரும், ஆய்வு முடிந்ததும் உள்ளே போய்விடும். அங்கே யார் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்? எனக்கு அந்தக் கோபுரப் படம் போதவில்லை.

அதற்கப்புறம்தான் நியூயார்க் நகரத்தின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அரசு செய்ய வேண்டிய வேலையைத் தனியார் தர்ம ஸ்தாபனங்களிடம் காசு கொடுத்து ஒப்படைப்பது என்பது ஏதோ 1980களின் தாராளமயக் கண்டுபிடிப்பு என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. நியூயார்க்கில் அதற்கு நூற்றைம்பது வருட வயது.

1875இல் அந்த மாநிலத்தில் ஒரு சட்டம் வந்தது. அதுவரை பிச்சைக்கார விடுதிகளில் பைத்தியம் என்று முத்திரை குத்தப்பட்டவர்களோடும் நோயாளிகளோடும் கிழவர்களோடும் சேர்த்து அடைக்கப்பட்டிருந்த குழந்தைகளை வெளியே கொண்டுவர வேண்டும் என்றது சட்டம். நல்ல விஷயம், யாரும் மறுக்க முடியாது. வெளியே கொண்டுவந்து எங்கே வைப்பது? கூடியவரை பெற்றோரின் மதத்தைச் சேர்ந்த நிறுவனத்தில் வைக்க வேண்டும் என்று அதே சட்டம் சொன்னது. அந்த நிபந்தனைக்குப் பின்னால் ஒரு பயம் இருந்தது. சார்லஸ் லோரிங் பிரேஸ் 1853இல் தொடங்கிய சில்ட்ரன்ஸ் எய்ட் சொசைட்டி, ஐரிஷ் சேரிகளிலிருந்து குழந்தைகளைத் திரட்டி, ரயிலேற்றி, மேற்கே புராட்டஸ்டண்ட் விவசாயிகளின் வீடுகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. பிள்ளை போகும், பிள்ளையோடு மதமும் போகும். கத்தோலிக்கத் திருச்சபை தனக்கென்று விடுதிகளைக் கட்டியதை இந்தப் பயத்தை விட்டுவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது.

ஆக, நகரம் பணம் கொடுத்தது, மதங்கள் விடுதி நடத்தின. எப்படிக் கொடுத்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தலைக்கணக்கில் கொடுத்தது. ஒரு குழந்தைக்கு வாரம் சுமார் 2 டாலர். குழந்தை உள்ளே இருக்கும்வரை பணம் வரும், வெளியே போனால் நிற்கும். ஒரு குழந்தையைச் சீக்கிரம் வீடு சேர்க்கும் விடுதி நஷ்டப்படும், வருடக்கணக்கில் வைத்துக்கொள்ளும் விடுதி பிழைக்கும். யாரும் கெட்ட எண்ணத்தோடு இருக்க வேண்டிய அவசியமே இல்லை, கணக்கே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

இதை முதலில் உரக்கச் சொன்னவர் ஜோசபின் ஷா லோவெல். உள்நாட்டுப் போரில் கணவரையும் அண்ணனையும் இழந்தவர். 1876இல் மாநில தர்ம வாரியத்தின் முதல் பெண் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். விடுதிகளில் குழந்தைகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போவதை ஆண்டறிக்கைகளில் திரும்பத் திரும்பக் காட்டினார். இந்த அம்மாளை நாயகியாக்கிவிட எனக்கு ஆசைதான், முடியவில்லை. ஏழைகளுக்கு வீட்டில் வைத்துக் கொடுக்கும் உதவியையும் அவர் எதிர்த்தார், அது அவர்களைச் சோம்பேறிகளாக்கும் என்றார். குழந்தையை விடுதியில் விட்டுவிட்டு, வேலை கிடைத்ததும் திரும்ப அழைத்துப்போகும் தாயை அவர் ஏமாற்றுக்காரியாகப் பார்த்தார். அந்தத் தாயோ, நகரம் கொடுக்க மறுத்த உதவியை வேறு வாசல் வழியாக வாங்கிக்கொண்டிருந்தாள். கணக்கின் கோளாறைக் கண்ட கண்ணுக்கு இவள் தெரியவில்லை.

1894இல் மாநில அரசியல் சட்ட மாநாட்டில் இந்த மானியத்தை நிறுத்தப் பார்த்தார்கள், நடக்கவில்லை. கிடைத்தது ஒரு சமரசம். பணம் தொடரும்; ஆனால் மாநில வாரியத்துக்கு உள்ளே போய்ப் பார்க்கும் உரிமை உண்டு, வாரியத்தின் விதிப்படி சேர்க்கப்பட்டு வைத்திருக்கப்படும் ஆளுக்கு மட்டுமே பணம். இதற்கு முன் உள்ளே இருப்பதே பணம் வாங்கப் போதுமாக இருந்தது. இனி ஏன் உள்ளே இருக்கிறாள் என்று கேட்கலாம். காகிதத்தில் இது பெரிய மாற்றம். 1900இல் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் குழந்தைக் கொடுமைத் தடுப்புச் சங்கத்தின் வழக்கில் அந்த உரிமையில் பாதியைக் கத்தரித்தது. நகரப் பணம் வாங்கினாலும் அந்தச் சங்கம் தர்ம ஸ்தாபனம் அல்ல, எனவே வாரியம் உள்ளே நுழைய முடியாது என்பது தீர்ப்பு. இதற்கிடையில் நகரத்தின் கம்ப்ட்ரோலர் பேர்ட் கோலர் கணக்குப் புத்தகங்களைப் புரட்டி, சில சங்கங்களில் ஏழைக்குப் போவதைவிடச் சம்பளத்துக்குப் போவது அதிகம் என்று எழுதினார்.

இந்த வரலாற்றின் நடுமையம் 1914 முதல் 1917 வரை. அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

ஜான் பரோய் மிட்செல் முப்பத்து நான்கு வயதில் மேயரானார். கத்தோலிக்கர், ஐரிஷ் விடுதலை வீரர் ஒருவரின் பேரன். தர்மத் துறைக்குக் கிங்ஸ்பரி என்ற சீர்திருத்தக்காரரை ஆணையராக்கினார். அவருக்குத் துணை ஆணையராக இருந்த டோஹெர்ட்டி கத்தோலிக்கர். விடுதிகளுக்குள் போய்ப் பார்த்தவர் அவர்தான். மாநில வாரியம் சான்றிதழ் கொடுத்திருந்த விடுதிகள் பலவற்றில் அழுக்கும் பேனும் பட்டினியும் அடியும் இருந்தன. இவற்றில் கத்தோலிக்க விடுதிகளும் உண்டு, புராட்டஸ்டண்ட் விடுதிகளும் உண்டு. ஆளுநர், சார்லஸ் ஸ்ட்ராங் என்பவரை விசாரணை ஆணையராக நியமித்தார். 1916 தொடக்கத்தில் நடந்த விசாரணையில், ஒரு விடுதியில் அனாதைகளும் பன்றிகளும் ஒரே பாத்திரங்களிலிருந்து தின்றதாகச் சாட்சியம் வந்தது. செய்தித்தாள்கள் அதைத் தலைப்பாக்கின.

பத்திரிகைத் தலைப்பில் மானம் போனது திருச்சபைக்கு. ஃபாரெல் என்ற பாதிரியார் துண்டுப் பிரசுரங்கள் எழுதினார், அவை தேவாலய வாசல்களில் விநியோகமாயின. நாத்திகத் தொண்டுக்காரர்கள், சம்பளம் வாங்கும் தர்மவான்கள், கன்னியாஸ்திரீகளின் தியாகத்தைப் பன்றித் தொட்டியோடு சேர்த்து எழுதுகிறார்கள் என்பது அவற்றின் தொனி. இதில் முழுப் பொய் என்று தள்ள ஒன்றும் கிடையாது. கன்னியாஸ்திரீகள் சம்பளமே இல்லாமல்தான் உழைத்தார்கள். தலைக்கு வரும் காசு எந்தக் காலத்திலும் ஒரு குழந்தையை வளர்க்கும் செலவுக்கு எட்டவில்லை. நகரம் தன் கடமையை அரைவிலைக்கு வாங்கிக்கொண்டிருந்தது, அப்புறம் சரக்கு சரியில்லை என்றது.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நகர நிர்வாகம் போலீசை வைத்துப் பாதிரியார்களின் தொலைபேசிகளை ஒட்டுக் கேட்டது. மேயருக்குத் தெரிந்தே நடந்தது. விடுதிக்குள் குழந்தைகள் என்ன தின்றார்கள் என்று பார்ப்பதற்காகத் தொடங்கிய கண்காணிப்பு, அந்தக் கண்காணிப்பை விமர்சித்தவர்கள் போனில் யாரோடு என்ன பேசினார்கள் என்பதில் போய் நின்றது. விஷயம் வெளியே வந்தது, கிங்ஸ்பரி மீது வழக்குப் போட்டார்கள். வழக்கு நிற்கவில்லை, ஆனால் பெயர் நிற்கவில்லை என்பதும் உண்மை. ஸ்ட்ராங் அறிக்கை 1916 இறுதியில் வந்தபோது பெரும்பாலும் நகரத்தின் பக்கமே பேசியது, மாநில வாரியத்தின் சான்றிதழ்களைக் கடுமையாகச் சாடியது. அதைப் படிக்கும் மனநிலையில் யாரும் இல்லை. 1917 தேர்தலில் மிட்செல் படுதோல்வி அடைந்தார். மறு வருடம் ராணுவ விமானப் பயிற்சியில் விமானத்திலிருந்து கீழே விழுந்து இறந்தார். இருக்கைப் பட்டையை மாட்டாமல் இருந்தாராம்.

இங்கே ஃபூக்கோவை விரித்து வைத்துக்கொண்டு, பார்த்தீர்களா, கண்காணிப்பு எப்படிப் பரவுகிறது என்று ஒருவர் கேட்கலாம். கேட்கலாம்தான். ஆனால் டோஹெர்ட்டி உள்ளே போகாமலே இருந்திருந்தால்? அந்தப் பாத்திரங்கள் அப்படியே இருந்திருக்கும். பார்க்கப்படாமல் இருப்பது அந்தக் குழந்தைக்குச் சுதந்திரமாக இருக்கவில்லை. ஒட்டுக் கேட்டதையும் உள்ளே போய்ப் பார்த்ததையும் ஒரே சொல்லால் குறித்துவிட்டு நகரும் கோட்பாடு எனக்கு உபயோகப்படவில்லை.

இன்னொரு குழந்தை, 1973. ஷெர்லி வைல்டர், வயது பதின்மூன்று, கறுப்பினப் பெண், புராட்டஸ்டண்ட். நகரத்தின் வளர்ப்புப் பராமரிப்பு இடங்களில் பெரும்பகுதி கத்தோலிக்க, யூத நிறுவனங்களின் கையில். தங்கள் மதக் குழந்தைகளுக்கே முன்னுரிமை என்பது 1875இன் தர்க்கம். ஐரிஷ் குழந்தையைக் காப்பாற்ற வந்த விதி, கறுப்புக் குழந்தையை வாசலில் நிறுத்தியது. ஷெர்லிக்கு இடம் கிடைக்கவில்லை, இளங்குற்றவாளிகளுக்கான பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டாள். அவள் பெயரில் சிவில் உரிமை வழக்கறிஞர் மார்சியா லவ்ரி நகரத்தின் மீதும் எழுபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களின் மீதும் வழக்குத் தொடுத்தார். 1980களின் பிற்பகுதியில் உடன்பாடு: முதலில் வந்தவருக்கு முதல் இடம், மதம் இரண்டாம் பட்சம். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே ஷெர்லி ஒரு மகனைப் பெற்றாள், அவனும் அதே பராமரிப்பு முறைக்குள் போனான். 1999இல் எய்ட்ஸில் இறந்தாள். நீனா பெர்ன்ஸ்டைன் 2001இல் இதைப் புத்தகமாக எழுதினார்.

இத்தனை வருடம் ஏன் இழுத்தது? ஒப்பந்தக்காரர் தப்பு செய்தால் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம் என்று எந்த ஒப்பந்தத்திலும் எழுதியிருக்கும். ரத்து செய்துவிட்டு அன்றிரவு குழந்தைகளை எங்கே படுக்க வைப்பது? நகரத்திடம் சொந்தமாகப் போதிய கட்டில் இல்லை. ரோடு போடுகிறவரை மாற்றினால் ரோடு ஆறு மாதம் தாமதமாகும், அவ்வளவுதான். விடுதியை மாற்றினால் இருநூறு பேர் தெருவில். கட்டில் யாரிடம் இருக்கிறதோ அவரிடம்தான் அதிகாரம், பணம் கொடுப்பவரிடம் அல்ல. 1916இல் கிங்ஸ்பரிக்கு இது ஓரளவு தெரிந்திருந்தது. அதனால்தான் குழந்தைகளைக் குடும்பங்களில் சேர்க்கும் ஏற்பாட்டுக்கு முயன்றார்.

1986இல் நியூயார்க்கை உலுக்கிய ஊழல், வாகன நிறுத்த அபராதம் வசூலிக்கும் துறையில் நடந்தது. தர்ம ஸ்தாபனங்களுக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது. ஆனால் 1989இல் நகரச் சாசனம் திருத்தப்பட்டு, ஒப்பந்தங்களை அங்கீகரித்து வந்த பழைய எஸ்டிமேட் போர்டு ஒழிக்கப்பட்டு, கொள்முதல் விதிகளுக்கென்று தனி வாரியம் வந்தபோது, கம்ப்யூட்டர் விற்பவருக்கும் முதியவருக்குச் சாப்பாடு கொண்டுபோகும் மாதர் சங்கத்துக்கும் ஏறக்குறைய ஒரே பேனா, ஒரே படிவம். பின்னணி விசாரணை, பொது விசாரணை, சட்டத்துறை, பட்ஜெட் துறை, கடைசியில் கம்ப்ட்ரோலர் அலுவலகம் பதிவு செய்ய முப்பது நாள். பதிவாகாமல் பணம் வராது. வேலையோ முதல் தேதியிலேயே தொடங்கிவிடும், ஏனென்றால் பசி பதிவுக்குக் காத்திருக்காது. 2010களில் கம்ப்ட்ரோலர் அலுவலகமே கணக்கெடுத்துப் பார்த்தபோது, சமூக சேவை ஒப்பந்தங்களில் மிகப் பெரும்பாலானவை வேலை தொடங்கிய பிறகே பதிவுக்கு வந்திருந்தன. நிறுவனங்கள் வட்டிக்கு வாங்கிச் சம்பளம் கொடுத்தன. நகரமே ஒரு நிதி வைத்து, தான் கொடுக்க வேண்டிய பணத்துக்காகக் காத்திருக்கும் நிறுவனங்களுக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்தது. இதை நையாண்டிக் கதையில் எழுதினால் மிகை என்று ஆசிரியர் வெட்டிவிடுவார்.

2015இல் எஃப்.இ.ஜி.எஸ். என்ற நிறுவனம் திவாலானது. 1934இல் யூதர்களுக்கு வேலை தேடித் தரத் தொடங்கியது, வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குச் சேவை செய்யும் அளவுக்கு வளர்ந்திருந்தது. ஒரே வருடத்தில் 1.94 கோடி டாலர் நஷ்டம் வந்தது. அதன் மீது தணிக்கையும் ஆய்வும் இல்லாமல் இல்லை, ஏராளமாக இருந்தன. ஒவ்வொரு துறையும் தன் ஒப்பந்தத்தின் ரசீதுகளைச் சரிபார்த்தது, மொத்த நிறுவனம் மூழ்குவதைப் பார்ப்பது யாருடைய வேலையாகவும் இல்லை. அதன் பிறகு தொண்டு நிறுவனங்களின் கூட்டமைப்பு வெளியிட்ட அறிக்கை, ஒரு டாலர் செலவாகும் வேலைக்கு அரசு ஒப்பந்தங்கள் 80 சென்ட் அல்லது அதற்கும் குறைவாகவே தருகின்றன என்றது. கன்னியாஸ்திரீகளின் காலத்துக் கணக்கு அப்படியே இருக்கிறது, சம்பளமில்லாத கன்னியாஸ்திரீகள் மட்டும் இல்லை.

இதைச் சொல்லிவிட்டு நிறுவனங்களின் பக்கம் சாய்ந்துவிட முடியாது. 2024 அக்டோபரில் நகரத்தின் புலனாய்வுத் துறை, வீடற்றோர் தங்குமிடம் நடத்தும் 51 நிறுவனங்களை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. சொந்தக்காரர்களுக்கு வேலை, தங்களுக்குப் பங்குள்ள கம்பெனிக்கே ஒப்பந்தம், வருடம் 700,000 டாலரைத் தாண்டும் தலைமைச் சம்பளங்கள். கோலர் நூறு வருடத்துக்கு முன் புத்தகத்தைப் புரட்டிக் கண்டதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. சின்னச் சங்கம் பதிவுக்காகக் காத்திருந்து கடனில் சாகிறது, பெரிய நிறுவனம் அதே படிவங்களை நிரப்ப ஆள் வைத்துக்கொண்டு சௌகரியமாக இருக்கிறது.

நான் வேலை பார்த்த தங்குமிடத்துக்கு ஒரு வருடம் எட்டு மாதம் பணம் வரவில்லை. நடத்திய அக்கா வளையலை அடகு வைத்து அரிசி வாங்கினார். அதே அக்காதான் பாய்களைப் பீரோவில் பூட்டி வைத்தவரும், கிழிந்துபோனால் அடுத்தது எப்போது வருமென்று தெரியாது என்பார். ஆய்வாளர் மட்டும் மாதம் தவறாமல் வந்தார். பாய்களை எண்ணினார், பதிவேட்டில் நான் எழுதி வைத்திருந்த எண்ணுக்கு நேராகக் கையெழுத்துப் போட்டார், டீ குடித்துவிட்டுப் போனார். இரவு ஒன்பது மணிக்குமேல் ஒருநாளும் வந்ததில்லை.